வலி குறைந்ததை நம்பாதீர்கள்: பல் விஷயத்தில் எது உடனே, எது காலையில்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய 9 வயது மகன் பள்ளி மைதானத்தில் விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று வந்துவிட்டது. அங்கிருந்த ஒருவர் பல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, பேப்பரில் மடித்துக் கொடுத்திருக்கிறார். வேலூர் வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. டாக்டர் பல்லைத் திரும்ப வைத்துக் கம்பி ஒட்டியிருக்கிறார், ஆனால் நிலைக்கும் என்று உறுதி சொல்லவில்லை. என்ன செய்திருக்க வேண்டும் என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: மாமியாருக்கு மூன்று நாளாகக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி, தாடைக்குக் கீழே வீக்கம், சுகர் உண்டு, நேற்றிலிருந்து வலி குறைந்திருப்பதால் ஞாயிறு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார், சரிதானே?

சரியில்லை. அதனால் மகனுக்கு முன்னால் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக வேலூரில் பல் வைத்தியம் பார்க்கிறேன். பல் விழுந்த குழந்தைகளுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன். ஆனால் பயந்து கை நடுங்கியதெல்லாம் இந்த மாதிரி தாடை வீக்கத்தைப் பார்த்துத்தான்.

வலி ஏன் குறைந்தது என்று பார்ப்போம். பல்லின் வேர் நுனியில் சீழ் கட்டும்போது அது எலும்புக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. விரிய இடமில்லாததால்தான் அந்த உயிர் போகும் வலி. இரண்டு மூன்று நாளில் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே சதைக்கு வந்துவிடும். அழுத்தம் இறங்கும், வலியும் தணியும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். உண்மையில் நோய் குறையவில்லை, இடம் மாறி அகலமான இடத்துக்கு வந்திருக்கிறது. வலி இறங்கி வீக்கம் ஏறினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு, அதுவும் கடைசி இரண்டுக்கு, இன்னொரு ஆபத்து உண்டு. நாக்கைத் தாங்கிப் பிடிக்கும் தசை ஒன்று கீழ்த்தாடையின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. இந்தப் பற்களின் வேர்நுனி பெரும்பாலும் அந்தத் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். ஆகவே அங்கே கட்டும் சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்துப் பக்கம் இறங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் பரவி நாக்கைத் தூக்கிவிட்டால் மூச்சுப் பாதை அடைபடும். 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்து எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறோம். ஆன்டிபயாடிக் வராத காலத்தில் இது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பிழைக்கவில்லை. இப்போது நிலைமை எவ்வளவோ மேல், ஆனால் நேரத்தோடு வந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

மாமியாரை உட்கார வைத்து இப்போதே நான்கு விஷயம் பாருங்கள். அவருடைய விரல்கள் மூன்றைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா? இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால் தொற்று தாடைத் தசைக்குப் பரவியிருக்கிறது. நாக்கைத் தூக்கச் சொல்லி அதன் அடியில் விரலால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருக்க வேண்டும், பலகை போலக் கெட்டியாக இருக்கக் கூடாது. எச்சிலை விழுங்க முடிகிறதா, அல்லது ஓரமாக வழிகிறதா? பேச்சு எப்போதும் போல் இருக்கிறதா, அல்லது சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல் இருக்கிறதா?

இதில் ஒன்று சரியில்லை என்றாலும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சொன்னாலும், 108-ஐக் கூப்பிடுங்கள். போகும் வழியில் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்தே கொண்டு போங்கள். என்னைப் போன்றவரின் கிளினிக்குக்கு இதைக் கொண்டுவருவது நேரத்தை வீணாக்கும் வேலை. ஐசியூவும் கழுத்தைத் திறந்து சீழ் எடுக்கும் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சி.எம்.சி. இருக்கிறது. குடியாத்தத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் இருட்டும் வரை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நான்கும் சரியாக இருந்தால்? அப்போதும் ஞாயிறு வரை வேண்டாம், இன்றைக்கே ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை தொற்றை வளர்க்கும், தொற்று சர்க்கரையை ஏற்றும். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். வாய் வலியால் சாப்பிடாமல் இருந்தாலும் தொற்று இருக்கும்போது சர்க்கரை ஏறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், ஊசி போடுகிறவராக இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டி நின்ற சீழுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, ஆகவே ஆன்டிபயாடிக் அங்கே போதிய அளவு போய்ச் சேராது. சீழை வெளியேற்ற வேண்டும், காரணமான பல்லைப் பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ வேண்டும். மாத்திரை அதற்குத் துணைதான். நான்கைந்து மாத்திரையைக் கலந்து ‘ஒரு வேளைக்கு’ என்று கொடுப்பதில் சில சமயம் ஸ்டீராய்டும் இருந்துவிடுகிறது. அது வீக்கத்தை வற்றியது போல் காட்டும், சுகரை ஏற்றும், நமக்கு இருந்த ஒரே அறிகுறியையும் மறைத்துவிடும். அப்புறம் வெளியே சுடு ஒத்தடம் கொடுப்பது, பற்றுப் போடுவது, ஊசியால் குத்தி விடுவது எதுவும் வேண்டாம்.

இதே போல மேல்தாடைப் பல்லிலிருந்து கிளம்பும் வீக்கம் கண்ணை மூடும் அளவுக்கு வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைதான். கோரைப்பல் தொற்று கண்குழி வழியாக உள்ளே மூளைப் பக்கம் போகப் பாதை இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் மகன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே இருந்தவர் பல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தாரே, அதுவே பெரிய விஷயம். சோப்புப் போட்டது சுத்தமாக இருக்கட்டும் என்ற அக்கறையில்தான். யாரும் சொல்லிக் கொடுக்காத ஒன்றை அவர் தெரிந்து வைத்திருக்க வழியில்லை. சொல்லிக் கொடுக்காதது எங்கள் தவறு. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பல் எலும்பில் நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று ஊஞ்சல் கயிறு போல் பல்லைத் தாங்குகிறது. பல் கழன்று விழும்போது அந்தப் படலம் நடுவில் கிழிந்து, பாதி வேரிலேயே ஒட்டியிருக்கும். வேரில் ஒட்டியிருக்கும் அந்த உயிரணுக்கள் பிழைத்திருந்தால்தான் பல் மறுபடியும் இயல்பாகப் பிடித்துக்கொள்ளும். காய விட்டால் அரை மணிக்குள்ளேயே அவை சாக ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்தால் பெரும்பாலும் எல்லாமே செத்துவிடும். சோப்பும், தேய்ப்பதும், பேப்பர் ஈரத்தை உறிஞ்சுவதும் அந்த நேரத்தை இன்னும் குறைக்கின்றன. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெறும் கையில் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இது. வெள்ளையாகத் தெரியும் மேல் பாகத்தை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடவே கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலச வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரில் சில வினாடி காட்டினால் போதும். துணியால் துடைக்கக் கூடாது. அப்படியே அந்தக் குழியில், பக்கத்துப் பல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அதே திசையில் வைத்து மெதுவாக அழுத்தி, மடித்த கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி, அப்படியே பல் மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். கேட்கப் பயமாக இருக்கும், தெரியும். ஆனால் விழுந்த முதல் சில நிமிடத்தில் பையன் அதிர்ச்சியில் இருப்பான், வலி அவ்வளவாகத் தெரியாது. குழியும் ரத்தம் உறையாமல் திறந்திருக்கும். முதல் 15 நிமிடத்துக்குள் வைத்த பல்லுக்கு எந்த டாக்டர் நாளைக்கு வைக்கும் பல்லும் ஈடாகாது.

மனம் வரவில்லை, பையன் அழுது புரளுகிறான் என்றால் அடுத்த வழி பால். பக்கத்துக் கடையில் ஓர் ஆவின் பாக்கெட் வாங்கி, சில்லென்றே ஒரு டம்ளரில் ஊற்றிப் பல்லை முழுக்க அதில் போட்டுவிடுங்கள். டீக்கடையில் கொதித்துக்கொண்டிருக்கும் பால் கூடாது. பச்சைத் தண்ணீரில் ஊற வைப்பதும் கூடாது; தண்ணீர் அந்த அணுக்களுக்குள் புகுந்து அவற்றை வெடிக்க வைத்துவிடும். இளநீர் பரவாயில்லையா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது, பால் கிடைக்கும்போது இளநீரைத் தேட வேண்டாம். எதுவுமே இல்லாத இடம் என்றால், ஒரு கிண்ணத்தில் அவனையே எச்சில் துப்பச் சொல்லி அதில் போடலாம். பெரியவர்கள் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளலாம், சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள்.

இதெல்லாம் நிரந்தரப் பல்லுக்குத்தான். பால்பல் விழுந்தால் திருப்பி வைக்கவே கூடாது, அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் புதுப் பல்லை அது கெடுத்துவிடும். 6 வயதுக்குக் கீழே விழும் முன்பல் பால்பல் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஏழெட்டு வயதில் சந்தேகம் வரும். நிரந்தரப் பல் பெரியதாக, லேசான மஞ்சளோடு, புதிதாக முளைத்திருந்தால் வெட்டும் விளிம்பு சின்னச் சின்ன அலை போல இருக்கும். பால்பல் சிறியதாக, பால் போலவே வெளுப்பாக இருக்கும். தெரியவில்லை என்றால் பாலில் போட்டு எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

இரண்டரை மணி நேரம் கழித்து வைத்த பல் வீணா? இல்லை. வைத்த டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். அந்தப் பல் நார்ப்படலத்தால் பிடிக்காமல் எலும்போடு நேராக ஒட்டிக்கொள்ளும், காலப்போக்கில் வேரை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். 9 வயதுப் பையனின் தாடை வளர்ந்துகொண்டே இருப்பதால், இந்தப் பல் மட்டும் பக்கத்துப் பல்லைவிட உள்வாங்கி நிற்பது போல் தெரியலாம். ஆனாலும் அது இருக்கும் வரை இடத்தையும் எலும்பையும் காப்பாற்றிக் கொடுக்கிறது, முகத்துக்கு அழகாகவும் இருக்கிறது. பையன் வளர்ந்து வேறு பல் வைக்கும் வயது வரும்போது அந்த எலும்புதான் தேவைப்படும். கம்பி சுமார் 2 வாரம் இருக்கும். அதற்குள் வேர் சிகிச்சை பற்றி டாக்டர் முடிவு சொல்வார். இரண்டு வாரமும் குழைந்த சாதம், இட்லி, கஞ்சி, மெத்தென்ற பிரஷ், காலை இரவு குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள், மண்ணில் விழுந்திருக்கிறான். அதன் பின் ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எக்ஸ்ரேக்கு வரச் சொல்வார்கள். பல் வலிக்கவில்லையே என்று அதை விட்டுவிடாதீர்கள். வேர் கரைவது வலிக்காது.

நம் பக்கத்தில் தை மாதம் எருது விடும் விழா வந்தால், மாடு முட்டியோ தடுப்புக் கட்டையில் மோதியோ பல் போய் வருகிறவர்கள் உண்டு. பைக்கில் ஹெல்மெட் இல்லாமல் விழுகிறவர்களைச் சொல்லவே வேண்டாம். இந்த அடிகளில் பல்லைத் தேடுவதற்கு முன்னால் தலையைப் பாருங்கள். நினைவு தப்பியதா, வாந்தி எடுக்கிறாரா, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிகிறதா? அப்படியென்றால் பல் பிறகு, முதலில் 108. மேல் கீழ்ப் பற்கள் வழக்கம் போல் பொருந்தவில்லை, கீழ் உதடு மரத்துப் போயிருக்கிறது என்றால் தாடை எலும்பு முறிந்திருக்கலாம். விழுந்த பல் எங்குமே கிடைக்காமல், ஆளும் இருமிக்கொண்டே இருந்தால் அது நுரையீரலுக்குள் போயிருக்க வாய்ப்புண்டு. எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. உதடு கிழிந்திருந்தால் உடைந்த துண்டு அதற்குள்ளேயே புதைந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பல் உடைந்து நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் நரம்பு திறந்துவிட்டது என்று அர்த்தம், அன்றே வர வேண்டும். உடைந்த துண்டையும் பாலிலோ தண்ணீரிலோ போட்டுக் கொண்டுவாருங்கள், பல முறை அதையே ஒட்ட முடிகிறது. பொங்கல் கரும்பிலும் பிரியாணி எலும்பிலும் லேசாகச் சில்லுப் பெயர்ந்தது, கூச்சம் மட்டும்தான் என்றால் இரண்டு நாள் பொறுக்கலாம்.

பல் பிடுங்கிய பிறகு ரத்தம் நிற்கவில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்கு வரும் போன்கள் எனக்கு அதிகம். பாதிப் பேருக்கு ரத்தம் நின்றிருக்கும். துளி ரத்தம் எச்சிலோடு கலந்து ஒரு சொம்பு போலத் தெரிகிறது. அவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான், துப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை துப்பும்போதும் கொப்பளிக்கும்போதும் உறைந்தது பிய்ந்துகொண்டு வருகிறது. சுத்தமான துணியையோ பஞ்சுத் துணிக்கட்டையோ லேசாக நனைத்து, கனமாகச் சுருட்டி, சரியாகக் குழியின் மேல் வைத்து 30 நிமிடம் அழுத்திக் கடியுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது, கடிகாரம் பார்த்துக்கொள்ளுங்கள். தலையை உயர்த்தி உட்காருங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தும் வாய் நிறைய ரத்தம் வந்தால் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் பிடுங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். நீங்களாக அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு வரவும் கூடாது. கொஞ்சம் அதிகமாகக் கசியும் ரத்தத்தை எங்களால் நிறுத்த முடியும், அடைத்துக்கொண்ட இதயக் குழாயை எங்களால் திறக்க முடியாது.

வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வெறும் பல்வலி, எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், காலை வரை தாங்கும். படுத்தால் அதிகமாகும், ஆகவே தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 650, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, டெங்கு சந்தேகம் எதுவும் இல்லாதவர்கள் சாப்பாட்டுக்குப் பின் இபுபுரூஃபன் 400 சேர்த்துக்கொள்ளலாம். கிராம்பு எண்ணெய் உண்மையிலேயே மரத்துப் போக வைக்கும். குச்சியில் சுற்றிய பஞ்சில் ஒரு துளி தொட்டு சொத்தைக் குழிக்குள் மட்டும் வையுங்கள், ஈறில் பட்டால் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைப்பதும், எருக்கம்பால் விடுவதும், புகையிலை வைப்பதும் வேண்டவே வேண்டாம். எருக்கம்பால் வைத்து ஈறு முழுக்க வெந்து வந்தவர்களுக்குப் பல்லைவிடப் புண்ணை ஆற்றுவதுதான் பெரும் பாடாக இருந்திருக்கிறது.

ஒரு வலி மட்டும் பல்வலி போல் வேஷம் போடும். பல்லில் சொத்தை இல்லை, மாடி ஏறினால் கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றால் அது இதயமாக இருக்கலாம். கூடவே வியர்வையும் மார்பு இறுக்கமும் இருந்தால் பல் டாக்டரைத் தேடாதீர்கள், 108-தான். அதே போல் வலிக்காத ஒன்றும் உண்டு. பீடியும் புகையிலையும் புழங்கும் நம் வீடுகளில், வாய்க்குள் ஒரு புண்ணோ வெள்ளைத் திட்டோ 2 வாரம் தாண்டியும் ஆறாமல் இருந்தால் வலி வரும் வரை காத்திருக்கக் கூடாது. வலி வரும்போது அது முற்றியிருக்கும்.

மாமியாரைக் கூட்டிப் போகும்போது அவருடைய சுகர் மாத்திரைச் சீட்டு, இந்த மூன்று நாளில் மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை, இரண்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் குறித்து வையுங்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.